சுவருக்கு ஏற்ற பிளக்: மலையக வீடுகளில் ஜிப்சம் பலகையிலும் பிற சுவர்களிலும் பொருட்களை மாட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் ஒரே கூரையின் கீழ் மூன்று வகைச் சுவர்கள் இருப்பது அரிதல்ல. முன்புறம் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய பழைய லயக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறை. அதன் பின்னால், பிள்ளைகள் உழைக்கத் தொடங்கிய பிறகு சீமெந்துக் கல்லில் நீட்டிக் கட்டிய குசினி. உள்ளே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கென்று ஜிப்சம் போட் வைத்து மறித்த ஒரு சிறிய அறை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற டவுன்களில் கடைகளையும் டியூஷன் வகுப்புகளையும் வாடகை அறைகளையும் இதே ஜிப்சம் பலகையால் பிரிக்கிறார்கள். ஹாட்வெயார் கடைக்குப் போய், திருகாணி பிடிப்பதற்காகச் சுவர்த் துவாரத்துக்குள் செருகும் உறையைப் பொதுவாக "பிளக்" என்று கேட்டால், பெரும்பாலும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கும் அதற்கேற்ற திருகாணியும் கைக்கு வரும். சீமெந்துக் கல்லுக்கு அது போதுமானது. ஜிப்சம் பலகையில் அதே பிளக், மாட்டிய பொருளின் எடை சற்றுக் கூடினாலும் தூளோடு கழன்று வந்துவிடும். ஆகவே எந்தப் பிளக் என்பதைச் சுவரே முடிவு செய்கிறது; எடையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

எந்தச் சுவர் என்று அறிதல்

விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதற் சோதனை. ஜிப்சம் பலகை வெற்று ஒலி தரும். பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனால் உள்ளே பலகையைத் தாங்கும் சட்டம் நிற்கும் இடத்தில் அந்த ஒலி அடங்கும். ஆனால் ஓசையை மட்டும் நம்பக் கூடாது. பழைய லயங்களில் சுண்ணாம்புப் பூச்சு உள்ளே இருக்கும் கல்லை விட்டு விலகி ஊதி நிற்கும் இடங்களும் இதே வெற்று ஒலியைத் தருவதுண்டு.

ஐயம் இருந்தால், மாட்டப்போகும் பொருளே மறைத்துவிடக்கூடிய ஓர் இடத்தில் 3 மி.மீ. பிட்டால் மெதுவாக ஒரு சிறு துவாரம் இட்டு, வெளியே வரும் தூளைக் கவனிக்க வேண்டும். ஜிப்சம் என்றால் மாவு போன்ற வெள்ளைத் தூள் வரும், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திலேயே பிட் வெற்றிடத்துக்குள் சட்டென்று இறங்கிவிடும். முதலில் வெள்ளையாக வந்து பின்னர் செங்கல் நிறத்துக்கு மாறினால், சுண்ணாம்பு அல்லது பட்டிப் பூச்சுக்குப் பின்னால் செங்கல் இருக்கிறது. சாம்பல் நிறத் தூள் சீமெந்துக் கல்லைக் காட்டும். பழுப்பு நிறத்தில், விரலில் பிசுபிசுத்து ஒட்டும் மண் வந்தால் அது களிமண் சாந்தில் எழுப்பிய பழைய சுவர். சிறிது தூரம் எளிதாக ஓடிய பிட் திடீரென்று கிரீச்சிட்டு நின்றுவிட்டால் கருங்கல்லில் முட்டியிருக்கிறது. இந்த ஒரு துவாரம் எத்தனையோ ஊகங்களைத் தவிர்த்துவிடும்.

ஜிப்சம் என்று உறுதியான பின்னர் அதே துவாரத்தைக் கொண்டு இன்னும் இரண்டு அளவுகளை எடுக்கலாம். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியை அரை சென்ரிமீற்றர் அளவுக்குக் கொக்கிபோல் மடித்து, துவாரத்தைச் சற்று அகலமாக்கி அதற்குள் விட வேண்டும். கொக்கி பலகையின் முதுகில் மாட்டும்வரை கம்பியை வெளியே இழுத்து, சுவரின் முகப்பில் கம்பியை நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து அளந்தால் பலகையின் தடிப்புத் தெரியும். அது பெரும்பாலும் 9 மி.மீ. ஆகவோ 12.5 மி.மீ. ஆகவோ இருக்கும், இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அறைந்திருந்தால் இரட்டிப்பாகும். கம்பியை நேராக்கிக் குத்திப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் எவ்வளவு ஆழம் என்பதும் தெரியவரும். பெட்டியிலுள்ள பிளக் இந்தச் சுவருக்குப் பொருந்துமா என்பதை இந்த இரு அளவுகளும் இன்றிச் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் கூரைக்கு வாங்கிய அஸ்பெஸ்டஸ் தகட்டில் மிஞ்சியதையோ தட்டையான பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டையோ அறை மறிக்கப் பயன்படுத்தியிருப்பார்கள். அதைத் துளைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போகும் அந்த இழைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கவல்லவை. சாம்பல் நிறமாக, கடினமாக, மேலே தாள் ஒட்டாமல் இருக்கும் தகடு எதுவாயினும் அதில் சோதனைத் துவாரம்கூட இட வேண்டாம். அருகிலுள்ள மரச் சட்டத்தில் மாட்டிக்கொள்வதே நல்லது.

சுவருக்குள் ஓடுபவை

சுவிட்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர் மேலும் நேர் கீழும் துளைக்கக் கூடாது. வயர் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்கும். பழைய காம்பராக்களில் வயர் வெளியே கேசிங்கில் ஓடுவதால் பார்வைக்கே தெரியும். புதிய வீடுகளிலும் ஜிப்சம் மறிப்புகளிலும் அது உள்ளே மறைந்திருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட் என்பதை மறவாமல், துளைக்கும் அறையின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறு அறையிலிருந்து நீட்டு வயர் இழுத்து ட்ரில் மெஷினை இயக்குவதே முறை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியம் போதாது. குசினியிலும் குளியலறையிலும் தண்ணீர்க் குழாய்க்கும் இதே கவனம் வேண்டும்.

எடையும் இழுப்பும்

பொருளின் எடையை ஊகிக்காமல் அளக்க வேண்டும். ஆளை நிறுக்கும் தராசில் முதலில் வெறுங்கையோடும் பின்னர் பொருளைத் தூக்கிக்கொண்டும் நின்று, வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். இறாக்கை என்றால் அதில் வைக்கப்போகும் பொருட்களின் எடையையும் சேர்க்க வேண்டும்.

சுவரோடு ஒட்டித் தொங்கும் படமும் சுவரை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் இறாக்கையும் ஒரே எடையாக இருந்தாலும் பிளக்குக்கு அவை ஒன்றல்ல. படம் திருகாணியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இறாக்கை அதோடு சேர்த்து மேல் திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் முயல்கிறது. 25 செ.மீ. அகலமான இறாக்கையில் 10 கிலோ எடையைப் பரவலாக வைத்தால் அதன் மையம் சுவரிலிருந்து 12.5 செ.மீ. தள்ளி நிற்கும். இறாக்கைத் தாங்கியின் மேல் திருகாணிக்கும் அடிமுனைக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால், மேல் திருகாணிகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய இழுப்பு 10 × 12.5 ÷ 20, அதாவது 6.25 கிலோ. தாங்கி 10 செ.மீ. உயரமே என்றால் அந்த இழுப்பு 12.5 கிலோவாக இரட்டிக்கும். பிளக்கைப் பெரிதாக்குவதற்கு முன் தாங்கியை உயரமானதாக மாற்றுவது மலிவான, நம்பகமான தீர்வு என்பது இதனால்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடை பெரும்பாலும் புதிய, உலர்ந்த பலகையில் பிளக் கழன்று வரும் எல்லையைக் குறிப்பது. அதில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. 20 கிலோ என்று எழுதியிருந்தால் அதை 5 கிலோ என்று வாசிக்க வேண்டும்.

ஜிப்சம் பலகையில் மாட்டுதல்

ஜெர்மனியின் ஆர்தர் பிஷ்ஷர் 1958இல் உருவாக்கிய நைலான் பிளக்கும், அதைப் பின்பற்றி வந்த பிளாஸ்டிக் பிளக்குகளும் துவாரத்தின் சுற்றுச்சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்வதால் நிற்பவை. அப்படி நெருக்குவதற்குக் கெட்டியான பொருள் வேண்டும். ஜிப்சமோ நெருக்கினால் நொறுங்குவது. பலகையின் வலிமையில் பெரும்பகுதி அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. எனவே இங்கே நல்ல பிளக் என்பது தாளைக் கிழிக்காமல், எடையைப் பலகையின் முதுகில் அகலமாகப் பரப்புவது.

எந்தப் பிளக்கையும் எடுப்பதற்கு முன், உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேட வேண்டும். ஒரு காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு உரசியபடி நகர்த்தினால், பலகையை அறைந்த திருகாணியின் தலையில் அது ஒட்டிக்கொள்ளும். அதே நேர்கோட்டில் மேலும் கீழும் வேறு தலைகள் அகப்பட்டால் அதுவே சட்டம். சட்டங்கள் வழக்கமாக 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும், உள்ளூர்த் தச்சர் மர ரீப்பையில் அடித்த மறிப்பு என்றால் இந்தக் கணக்குத் தவறலாம். மரச் சட்டம் கிடைத்தால் பிளக்கே வேண்டாம், மரத் திருகாணி போதும். தகட்டுச் சட்டம் என்றால் தகட்டைத் தானே துளைக்கும் திருகாணி வேண்டும். ஆனால் அந்தத் தகடு அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பானது என்பதால், இறுக்கியும் சுழன்றுகொண்டே இருந்தால் அது பிடிக்கவில்லை என்று அறிந்து நிறுத்த வேண்டும்.

சட்டம் இல்லாத இடத்தில்தான் வெற்றுச் சுவர்ப் பிளக்குகளுக்கு வேலை. அவற்றில் மூன்று வகை நமக்குப் போதும்.

*தானே துளைக்கும் திருகுப் பிளக்.* அகன்ற புரியுடன் நைலானிலோ துத்தநாகத்திலோ வரும் இது கடிகாரம், நாட்காட்டி, சிறிய சாமிப்படம் போன்றவற்றுக்கு ஏற்றது. பென்சிலால் இடத்தைக் குறித்து, நட்சத்திரத் திருப்புளியின் நுனியால் தாளை மட்டும் குத்தித் திறந்து, பிளக்கைச் செங்குத்தாகப் பிடித்துக் கையால் திருக வேண்டும். ட்ரில் மெஷினால் திருகினால் எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரியாது. பிளக்கின் விளிம்பு தாளோடு சமமாக வந்து அமர்ந்தவுடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கால் சுற்றுத் திருகினாலும் புரி ஜிப்சத்தை அரைத்துத் தூளாக்கிவிடும், பின்னர் அது நிரந்தரமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அப்படியாகிவிட்ட துவாரத்தில் தீக்குச்சியும் காகிதமும் திணிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. குறைந்தது 5 செ.மீ. தள்ளிப் புதிய இடம் பார்ப்பதோ, அதே துவாரத்தைப் பெரிதாக்கி இறக்கைப் பிளக்குக்கு மாறுவதோதான் சரி.

*விரியும் இரும்புப் பிளக்.* திருகாணியை இறுக்கும்போது அதன் உடல் மடங்கி, குடைக் கம்பிகள் விரிவதுபோல் பலகையின் முதுகில் விரிந்து பற்றிக்கொள்ளும். கண்ணாடி, தாங்கி, திரைச்சீலைக் கம்பி ஆகியவற்றுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனெனில் விரிந்த பின்னர் திருகாணியைக் கழற்றி மீண்டும் மாட்டினாலும் பிளக் விழாது. வாங்கும்போது பலகையின் தடிப்புக்குப் பொருந்தும் அளவு பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக 4 மி.மீ. திருகாணி கொண்டதற்கு 8 மி.மீ. துவாரமும், 5 மி.மீ. கொண்டதற்கு 10 மி.மீ. துவாரமும் தேவைப்படும், பெட்டியில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ட்ரில் மெஷினின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, அழுத்தாமல் துளைக்க வேண்டும். பிளக்கை உள்ளே தள்ளி, அதன் விளிம்பிலுள்ள இரு முட்களும் தாளில் பதியுமாறு சுத்தியலால் மெல்லத் தட்டிய பின்னர், திருகாணியைத் திருப்புளியால் இறுக்க வேண்டும். முதலில் இலகுவாகச் சுற்றும். பிறகு கை கனக்கத் தொடங்கும். முதுகில் நன்றாக அமர்ந்ததும் திருப்புளி நின்றுவிடும். அந்த இடத்தில் திருகாணியைக் கழற்றி, தாங்கியை வைத்து, மீண்டும் திருகினால் வேலை முடிந்தது.

*இறக்கைப் பிளக்.* வில்லோடு இணைந்த இரண்டு இறக்கைகள் மடங்கி உள்ளே போய், வெற்றிடத்தில் விரிந்து நிற்கும். மூன்றிலும் அதிக எடை தாங்குவது இதுவே, துவாரம் பெரிதாக வேண்டியதும் இதற்கே. தாங்கியை முதலில் திருகாணியில் கோத்துவிட்டுத்தான் இறக்கையை மாட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளே போன பின்னர் திருகாணியைக் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும். இறுக்கும்போது தாங்கியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே திருக வேண்டும்; இழுக்காவிட்டால் இறக்கையும் சேர்ந்து சுழலும். கம்பியால் அளந்த வெற்றிடத்தின் ஆழம் இறக்கை விரியப் போதுமா என்பதைத் துளைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

துளைக்கும்போது, குறித்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கடித உறையை வாய் திறந்தபடி ஒட்டி வைத்தால் தூள் அதற்குள் விழும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிவதைச் சிறு வேலை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஜிப்சம் பலகையில் எந்தப் பிளக்கைப் போட்டாலும் மாட்டக் கூடாதவையும் உண்டு. பாத்திரங்கள் நிறைந்த குசினி அலுமாரியையும், மடித்து நீட்டும் தாங்கியோடு கூடிய தொலைக்காட்சியையும் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும், அல்லது மறிப்பை அடிக்கும்போதே உள்ளே தடித்த பிளைவூட் வைக்கச் சொல்ல வேண்டும். குழந்தையின் தொட்டிலை ஜிப்சம் சீலிங்கிலிருந்தோ அதன் மெல்லிய சட்டத்திலிருந்தோ ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. ஆடும் எடை ஒவ்வோர் ஆட்டத்திலும் பிளக்கைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். சாமித்தட்டு மாட்டலாம், ஆனால் விளக்குச் சுடர் பலகையின் தாளுக்கு அருகில் வராதபடி தட்டு போதிய அகலமாக இருக்க வேண்டும்.

சீமெந்துக் கல்லும் செங்கல்லும்

இங்கே வேலை எளிது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. கொங்கிரீட் பிட்டும் 4 முதல் 5 மி.மீ. வரையான திருகாணியும், 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட்டும் 4.5 முதல் 6 மி.மீ. வரையான திருகாணியும் பொருந்தும். பிளக்கின் நீளத்தை விட 1 செ.மீ. கூடுதலான ஆழத்தில் பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். பூச்சு மட்டுமே ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை தடிப்பாக இருக்கக்கூடும் என்பதால், பிளக் அதைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்க வேண்டும். துவாரத்துத் தூளை சைக்கிள் பம்பால் ஊதி அகற்றாவிட்டால் பிளக் முழுதாக உள்ளே போகாது. உள்ளே பொள்ளலான கல் என்றால் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தித் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்புறச் சுவர் பெயர்ந்துவிடும்.

பழைய லயச் சுவர்

மூன்றிலும் பொறுமை கேட்பது இதுதான். கல் இருக்கும் இடத்தில் பிட் வழுக்கி விலகும். கல்லுக்கு இடையிலுள்ள களிமண்ணில் பிளக் நிற்காது. அடுத்த காம்பராவோடு பொதுவாக இருக்கும் சுவர் என்றால் அந்தப் பக்கத்தில் பூச்சு உதிரக்கூடும் என்பதால், முதலில் அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, சுத்தியல் இயக்கமின்றி 4 மி.மீ. பிட்டால் தொடங்கிப் படிப்படியாக அகலமாக்க வேண்டும்.

களிமண்ணில் இறங்கிவிட்ட துவாரத்தைச் சரிசெய்ய வழி உண்டு. அதை 2 செ.மீ. அகலமும் 7 அல்லது 8 செ.மீ. ஆழமுமாகத் தோண்டி, உள்ளே இருக்கும் தளர்ந்த மண்ணை அகற்றி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்த கெட்டிச் சாந்தைக் குத்தி நிரப்ப வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு, அந்தச் சாந்தின் நடுவில் துளைத்தால் 8 மி.மீ. பிளக் நன்றாக நிற்கும். பல பொருட்களை மாட்டுவதாக இருந்தால் இதைவிடச் சிறந்த முறை, ஒரு நீண்ட மர ரீப்பையை நான்கைந்து இடங்களில் சுவரோடு பொருத்திவிட்டு, சாமிப்படங்களையும் பள்ளிப் பைகளையும் மழைக்கோட்டுகளையும் அந்த ரீப்பையில் மாட்டுவது. ஓரிடம் தளர்ந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். அடுத்த முறை புதிதாகச் சுவரைத் துளைக்கவும் வேண்டியதில்லை.

சுவரில் படிக்கட்டுபோல் சாய்ந்து ஓடும் வெடிப்பு இருந்து, அது மழைக்காலத்தில் அகன்றுகொண்டே வந்தால், அந்த இடத்தைப் படத்தால் மறைக்க வேண்டாம். பதுளை, நுவரெலியா போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அப்படியான வெடிப்பைக் கிராம உத்தியோகத்தருக்கோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ தெரிவிப்பதுதான் முதல் வேலை.

ஈரம், சோதனை, கழற்றுதல்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். வட்டவளை, கினிகத்தேனை பக்கங்களில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விட்டுவைக்காது. ஈரம் ஏறிய ஜிப்சம் தன் வலிமையை இழக்கும். பெருவிரலால் அழுத்தும்போது பலகை பதிந்தாலோ, பழுப்புக் கறை படிந்திருந்தாலோ அங்கே பிளக் இடாமல் ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். குளியலறை, குசினி மறிப்புகளுக்கு ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகையும், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டி முடித்தவுடன் முழு எடையையும் ஏற்றிவிடக் கூடாது. தாங்கியைக் கையால் கீழ்நோக்கி மெல்ல அழுத்திப் பார்த்து, விளிம்பில் இடைவெளி விடவில்லை என்றால் பாதி எடையை ஏற்றி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் தாங்கியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கடதாசியைச் செருகிப் பார்க்கலாம். செருக முடிந்தால் பிளக் இழுபடத் தொடங்கியிருக்கிறது, அந்த எடைக்கு அது போதாது. மழைக்காலம் முடிந்ததும் இதே கடதாசிச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

வாடகை அறையைக் காலி செய்யும்போது, தானே துளைக்கும் பிளக்கை எதிர்த்திசையில் திருகினால் வெளியே வந்துவிடும். விரியும் பிளக்கை இழுத்தால் பலகையே பெயரும். அதன் விளிம்பைத் தட்டிச் சற்று உள்ளே பதித்து, கிழிந்த தாளைக் கத்தியால் வெட்டிச் சமப்படுத்தி, மேலே வலை டேப் ஒட்டி இரண்டு தடவை பட்டி பூச வேண்டும். பனிக்காலத்தில் பட்டி காய மெதுவாகும் என்பதால், முதற் பூச்சு நிறம் வெளுத்துக் காய்ந்த பின்னரே இரண்டாவதைப் பூசி, அதுவும் காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம்.